கரண்ட்டோடு கீமோவும் வேண்டுமா?

வாய்ப்புற்றுக்கோ குரல்வளைப் புற்றுக்கோ அறுவை முடிந்து, தையல் பிரித்து, மூக்கு டியூபை எப்போது எடுப்பார்கள் என்று வீட்டார் கேட்கத் தொடங்கும் வேளையில்தான் பாதாலஜி அறிக்கை கைக்கு வரும். அதோடு அடுத்த கேள்வியும் வரும்: கரண்ட், அதாவது கதிர்வீச்சு, மட்டும் வைத்தால் போதுமா, கீமோவும் சேர்க்க வேண்டுமா? கதிர்வீச்சுத் துறையில் கழிந்த ஆண்டுகளைத் திரும்பிப் பார்க்கும்போது எனக்கு அதிகம் நினைவில் நிற்பது இந்தக் கேள்வியும், காலத்துக்கேற்ப நாங்கள் மாற்றிச் சொன்ன பதில்களும்தான். முதலில் அறுவைக்குப் பிறகு கதிர்வீச்சு மட்டும் என்பது ஏறக்குறைய எழுதப்படாத சட்டமாக இருந்தது. 2004க்குப் பிறகு கீமோவைச் சேர்ப்பதுதான் முழுமையான சிகிச்சை, சேர்க்காதது அரைகுறை என்ற எண்ணம் பரவியது. மருத்துவர்களிடம் அது இன்னும் முழுதாகப் போகவில்லை. நோயாளியின் உறவினர்களிடம் கொஞ்சமும் போகவில்லை. அறுவைக்குப் பின் கீமோ என்பது அறிக்கையில் உள்ள இரண்டு வரிகளைப் பார்த்து எடுக்க வேண்டிய முடிவு, நோயின் பெயரைக் கேட்டதும் எழும் பயத்தால் எடுக்க வேண்டியது அல்ல என்பதே இத்தனை ஆண்டுச் சான்றுகளிலிருந்து நான் வந்து சேர்ந்திருக்கும் இடம். கீமோ சேர்ந்தாலும் சேராவிட்டாலும், கதிர்வீச்சு நேரத்தில் தொடங்கி நேரத்தில் முடிவது அந்த முடிவைவிடச் சிறியது அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கதிர்வீச்சை அறுவைக்கு முன் கொடுப்பதா, பின் கொடுப்பதா என்பதே முதலில் தீராத விவாதமாகத்தான் இருந்தது. அமெரிக்காவில் 1973இல் தொடங்கிய ஓர் ஆய்வு இதை நேருக்கு நேர் சோதித்தது. ஒரு பிரிவினருக்கு அறுவைக்கு முன் 50 கிரே (கிரே என்பது கதிரின் அளவைக் குறிக்கும் அலகு), மற்றவர்களுக்கு அறுவைக்குப் பின் 60 கிரே. பின்னால் கொடுத்தவர்களில் 65 சதவீதத்தினருக்கும் முன்னால் கொடுத்தவர்களில் 48 சதவீதத்தினருக்கும் கழுத்திலும் முதலில் கட்டி இருந்த இடத்திலும் நோய் கட்டுக்குள் நின்றது. அத்தோடு வரிசை முடிவானது. எவ்வளவு கொடுப்பது என்பதை ஹூஸ்டனில் உள்ள எம்.டி. ஆண்டர்சன் மருத்துவமனை ஆராய்ந்து 1993இல் வெளியிட்டது. பொதுவாக 57.6 கிரேக்குக் குறையக் கூடாது; புற்று நிணநீர்க் கணுவின் உறையைக் கிழித்து வெளியே பரவியிருந்தால் 63 கிரே வேண்டும்; அதற்கு மேல் ஏற்றினால் கூடுதல் பலன் இல்லை. கணுவுக்குள் அடங்கிய நோயும் உறையைத் தாண்டிய நோயும் ஒன்றல்ல என்று அளவு சொல்லிக் காட்டியது அந்த ஆய்வு. பின்னாளில் கீமோ விவாதம் முழுவதும் எந்த அச்சில் சுழன்றதோ அந்த அச்சு அப்போதே போடப்பட்டுவிட்டது என்று இப்போது படிக்கையில் தோன்றுகிறது.

மருந்தையும் கதிரையும் ஒன்றாகக் கொடுக்கும் யோசனை வெளியிலிருந்து திடீரென்று நமக்கு வந்ததல்ல. 1954இல் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையத்தில் 1957இலேயே கோபால்ட் கருவி இயங்கியது. அங்கே வி. சாந்தாவும் எஸ். கிருஷ்ணமூர்த்தியும் வாய்ப்புற்றுக்குக் கதிர்வீச்சோடு பிளியோமைசின் சேர்த்துச் சோதித்து, 1970களின் பிற்பகுதியிலிருந்து அதன் முடிவுகளை வெளிநாட்டு இதழ்களில் எழுதினார்கள். வெற்றிலை, புகையிலை மெல்லும் பழக்கத்தால் கன்னத்தின் உட்புறத்தில் வளரும் புற்றுதான் அவர்கள் நாள்தோறும் கண்டது. அறுவைக்கு எட்டாத நிலையில் வந்தவர்களே அதிகம். ஆனால் உலகம் கடைசியில் கையில் எடுத்தது சிஸ்பிளாட்டினை. 1965இல் மிச்சிகனில் பார்னெட் ரோசன்பர்க், மின்புலம் பாக்டீரியாவை என்ன செய்கிறது என்று பார்க்கப் போய், பிளாட்டினம் மின்முனையிலிருந்து கரைந்த சேர்மம்தான் அவற்றின் பிளவைத் தடுக்கிறது என்று கண்டுகொண்டார். 1978இல் அமெரிக்கா அதை மருந்தாக அனுமதித்தது. கதிர் உடைத்த மரபிழையைச் செல் சரிசெய்துகொள்ள விடாமல் இந்த மருந்து குறுக்கே நிற்கிறது. கதிரோடு சேர்த்துக் கொடுப்பதன் தர்க்கம் அவ்வளவுதான். அந்தத் தர்க்கம் அறுவை செய்த நோயாளிக்கும் பொருந்துமா என்பதற்குத்தான் 2004 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்த ஆண்டு மே மாதம் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழின் ஒரே வெளியீட்டில் இரண்டு ஆய்வுகள் அடுத்தடுத்து வந்தன. துறையில் அன்றிருந்த யாரும் அந்த இதழை மறந்திருக்க மாட்டார்கள். ஒன்று ஜாக் பெர்னியர் தலைமையில் ஐரோப்பாவில் 334 பேரிடம் நடந்தது. மற்றது ஜே கூப்பர் தலைமையில் அமெரிக்காவில் 459 பேரிடம். இரண்டிலும் ஒரு பிரிவுக்கு அறுவைக்குப் பின் கதிர்வீச்சு மட்டும். மறு பிரிவுக்கு அதே கதிர்வீச்சோடு 1, 22, 43ஆம் நாட்களில் உடல்பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு 100 மில்லிகிராம் சிஸ்பிளாட்டின். ஐரோப்பிய ஆய்வில் 5 ஆண்டு கழித்து உயிரோடிருந்தவர்கள் கீமோ பிரிவில் 53 சதவீதம், கதிர் மட்டும் பெற்றவர்களில் 40 சதவீதம். சிறிய வித்தியாசம் இல்லை இது. அமெரிக்க ஆய்வில் 2 ஆண்டில் நோய் கட்டுக்குள் இருந்தது கீமோ பிரிவில் 82 சதவீதம், மற்றதில் 72. ஆனால் உயிர்வாழ்வில் உறுதியாகச் சொல்லும்படியான வேறுபாடு தெரியவில்லை. விலையும் அதே பக்கங்களில் அச்சாகியிருந்தது. அமெரிக்க ஆய்வில் கடுமையான பக்கவிளைவு 34 சதவீதத்திலிருந்து 77 சதவீதத்துக்கு ஏறியது. கூட்டுச் சிகிச்சையாலேயே 4 பேர் இறந்தார்கள். எங்கள் பக்கம் அன்று அதிகம் பேசப்பட்டதெல்லாம் 53ம் 40ம்தான். 77ஐ யாரும் வாய்விட்டுச் சொன்னதாக நினைவில்லை.

ஒரே கேள்வியைக் கேட்ட இரண்டு ஆய்வுகள் ஏன் வேறு வேறு பதில் சொல்லின? யாரைச் சேர்த்தார்கள் என்பதில் பாதி விடை இருக்கிறது. ஐரோப்பியர்கள் நரம்பை ஒட்டிப் பரவிய நோய், ரத்தக்குழாய்க்குள் புகுந்த நோய், முற்றிய நிலை என்று வலையை அகலமாக விரித்தார்கள். அமெரிக்கர்கள் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட கணுக்களில் நோய் இருந்தவர்களையும் சேர்த்தார்கள். இரு தரப்பும் சேர்ந்து 2005இல் தரவுகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது, இரண்டு ஆய்விலும் பொதுவாக இருந்த ஓர் உண்மை வெளிப்பட்டது. வெட்டிய ஓரத்தில் புற்றுச்செல் மிஞ்சியிருந்தவர்களுக்கும், கணுவின் உறையைப் புற்று தாண்டியிருந்தவர்களுக்கும்தான் கீமோவால் தெளிவான பலன். கணுக்களின் எண்ணிக்கை அதிகம் என்ற ஒரே காரணத்துக்காகச் சேர்க்கப்பட்டவர்களுக்குப் பலன் தெரியவில்லை. இதற்கு நியாயமான மறுப்பு ஒன்று உண்டு, அதை மழுப்பக் கூடாது: முடிவு தெரிந்த பிறகு குழுவைப் பிரித்துப் பார்ப்பது முன்கூட்டியே திட்டமிட்ட சோதனைக்கு ஈடாகாது. உண்மைதான். ஆனால் அமெரிக்க ஆய்வை 10 ஆண்டு வரை தொடர்ந்து பார்த்து 2012இல் வெளியிட்டபோது, எல்லோரையும் சேர்த்துக் கணக்கிட்டால் வேறுபாடு கரைந்துவிட்டது. இந்த இரண்டு அம்சம் உள்ளவர்களில் மட்டும் நோய் அதே பகுதியில் திரும்பி வந்தது 33.1 சதவீதத்திலிருந்து 21 சதவீதமாகக் குறைந்தே நின்றது. மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் அறுவை முடிந்த 900 வாய்ப்புற்று நோயாளிகளை மூன்றாகப் பிரித்து, வழக்கமான கதிர்வீச்சு, கீமோ சேர்த்த கதிர்வீச்சு, வாரம் 6 நாள் கொடுத்து விரைவில் முடிக்கும் கதிர்வீச்சு என்று ஒப்பிட்டார்கள். மொத்தமாகப் பார்த்தால் எந்தப் பிரிவும் மற்றதை வெல்லவில்லை. ஆபத்து மிகுந்த அம்சங்கள் குவிந்திருந்தவர்களிடம்தான் கீமோவின் பக்கம் தராசு சாய்ந்தது. பின்னால் வந்த சான்று ஒவ்வொன்றும் ஒரே திசையைக் காட்டும்போது, முதல் பகுப்பாய்வின் குறையைச் சொல்லி அதை ஒதுக்குவதற்கில்லை.

‘கொடிய நோய், எதற்கு வம்பு, எல்லோருக்கும் கொடுத்துவிடலாமே’ என்பது மருத்துவர்கள் கூட்டத்திலும் வீட்டுக் கூடத்திலும் ஒரே தொனியில் கேட்கும் வாதம். கொடுத்தால் பாதகமில்லை என்ற அனுமானத்தின் மேல் நிற்கிறது இந்த வாதம். அந்த அனுமானம்தான் தவறு. சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைத் தாக்கும், செவியின் உயர் ஒலிகளை நிரந்தரமாகப் பறிக்கும், விரல் நுனிகளை மரத்துப்போகச் செய்யும். கதிர் ஏற்கெனவே புண்ணாக்கிய வாய்க்குள், எச்சில் வற்றிய தொண்டைக்குள், இது வாந்தியையும் கொண்டுவந்து சேர்க்கிறது. சாப்பிட முடியாதவர் நீர் குடிக்க மாட்டார்; நீர் குறைந்தால் சிறுநீரகம் கெடும்; கிரியாட்டினின் ஏறினால் அடுத்த தவணை நிற்கும்; உடம்பு தளர்ந்தால் கதிர்வீச்சும் இடையில் நிற்கும். அமெரிக்க ஆய்விலேயே, தேர்ந்தெடுத்துச் சேர்த்த நோயாளிகளில், மூன்று தவணையையும் திட்டப்படி முடித்தவர்கள் 61 சதவீதம்தான். தாலுகா ஊரிலிருந்து தினமும் பஸ் ஏறி வந்து, மாலையில் கூழோடு திரும்பும் 48 கிலோ உடம்பு அந்த ஆய்வில் இல்லை.

இடைநிறுத்தத்தைச் சின்ன விஷயமாக நினைப்பவர்கள் ஆண்டர்சன் குழு 2001இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வைப் பார்க்க வேண்டும். ஆபத்து அதிகமுள்ள நோயாளிகளில், அறுவை நாள் முதல் கதிர்வீச்சின் கடைசி நாள் வரை மொத்தம் எத்தனை வாரம் ஆனது என்று கணக்கிட்டார்கள். 11 வாரத்துக்குள் முடித்தவர்களில் 76 சதவீதத்தினருக்கு நோய் கட்டுப்பட்டது. 11 முதல் 13 வாரம் எடுத்தவர்களில் 62. 13ஐத் தாண்டியவர்களில் 38. தாமதமானவர்களில் உடல்நிலை மோசமானவர்கள் அதிகம் இருந்திருக்கலாம், ஆகவே காலத்தை மட்டும் குறை சொல்ல முடியாது என்பது சரியான எச்சரிக்கை. அந்த எச்சரிக்கையைக் கழித்துக்கொண்டு பார்த்தாலும் 76க்கும் 38க்கும் இடையிலுள்ள பள்ளம், கீமோ வாங்கித் தரும் லாபத்தைவிட ஆழமானது. அறுவை முடிந்து 6 வாரத்துக்குள் கதிர்வீச்சைத் தொடங்க வேண்டும் என்பது இப்போது பெரும்பாலான நெறிமுறைகளில் உள்ள விதி. வசதி மிகுந்த அமெரிக்காவிலேயே பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இந்த 6 வாரம் தவறிப்போகிறது என்று அவர்களின் தேசியப் பதிவேட்டை ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். இங்கே அது எப்படித் தவறும் என்பது தெரிந்த கதை: தையல் பிரியத் தாமதம், பாதாலஜி அறிக்கை வரத் தாமதம், காப்பீட்டு ஒப்புதல், கருவிக்கான காத்திருப்பு வரிசை, ஒருவரும் முன்பே யோசிக்காத பல் பிடுங்கல். கெட்டுப்போன பல்லைக் கதிர்வீச்சுக்கு முன்பே எடுத்துவிட வேண்டும். கதிர் பட்ட தாடையில் பின்னால் பல் பிடுங்கினால் எலும்பே செத்துப்போகும் அபாயம் உண்டு. முன்பே எடுத்தாலும் பல் பிடுங்கிய புண் ஆற 2 வாரமாவது ஆகும். அறுவையின்போதே மயக்கத்தில் பல்லை எடுத்துவிட்டால் இந்த 2 வாரம் மிச்சம். இவ்வளவு எளிதான காரியம் இத்தனை இடங்களில் நடக்காமல் போவதற்கு, அறுவைப் பிரிவும் கதிர்வீச்சுப் பிரிவும் முதல் நாளே பேசிக்கொள்வதில்லை என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. கீமோ வேண்டுமா வேண்டாமா என்று ஒரு மணி நேரம் வாதிடும் கூட்டங்களில், கருவியில் தேதி வாங்கியாயிற்றா என்ற கேள்வி எழும்பாமலே போவதுண்டு.

கீமோ வேண்டும் என்று முடிவான பிறகு எப்படிக் கொடுப்பது என்பது தனி வழக்கு. 3 வாரத்துக்கு ஒருமுறை 100 மில்லிகிராம் என்பது பெரிய அடி. அதனால் இந்தியாவில் பல இடங்களில் வாரம் ஒருமுறை 30 அல்லது 40 என்று உடைத்துக் கொடுப்பதே வழக்கமாயிற்று. சான்று பின்னால் வரும், வழக்கம் முன்னால் போகும் என்ற நிலை. 2018இல் டாடா மருத்துவமனையின் வனிதா நொரோனா குழு இதைச் சோதித்து வெளியிட்டது. பங்கேற்ற 300 பேரில் பெரும்பாலோர், 93 சதவீதம், அறுவை முடிந்தவர்கள். 2 ஆண்டில் நோய் கட்டுப்பட்டது 3 வார முறையில் 73.1 சதவீதம், வாரம் 30 பெற்றவர்களில் 58.5 சதவீதம். கடுமையான பக்கவிளைவு முறையே 84.6ம் 71.6ம். அதாவது வாரமுறை சற்று மென்மையானது, ஆனால் வேலையைச் சரியாகச் செய்யவில்லை. நாடெங்கும் வாரமுறையைக் கைவிட வேண்டுமோ என்று யோசித்துக்கொண்டிருக்கையில் ஜப்பானியர்களின் ஆய்வு 2022இல் வந்தது. அறுவைக்குப் பின் ஓரமோ உறையோ மீறியிருந்த 261 பேர். ஒரு பக்கம் 3 வாரத்துக்கு 100, மறு பக்கம் வாரம் 40. 3 ஆண்டு உயிர்வாழ்வு 3 வார முறையில் 59.1 சதவீதம், வாரமுறையில் 71.6 சதவீதம். வாரமுறை எந்த வகையிலும் குறைந்ததல்ல என்று நிரூபணமாயிற்று. செவியும் சிறுநீரகமும் அதிகம் தப்பின. டாடாவும் ஜப்பானும் முரண்படுவதாகப் பலர் பேசினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மொத்தம் எவ்வளவு மருந்து உடம்பில் சேர்ந்தது என்று பார்த்தால் புதிர் பெரும்பாலும் அவிழ்கிறது. வாரம் 30 என்றால் 6 வாரத்தில் 180; வாரம் 40 பெற்ற ஜப்பானியர்களுக்குச் சராசரியாகச் சேர்ந்தது 239. சதுர மீட்டருக்கு 200 மில்லிகிராமைத் தாண்ட வேண்டும் என்று துறையில் நெடுங்காலமாகச் சொல்லிவரும் எல்லைக்கு ஒன்று இந்தப் பக்கம், மற்றது அந்தப் பக்கம். ஆகவே 30ஐக் கொடுத்துவிட்டுக் கீமோ கொடுத்ததாகக் கணக்கெழுதுவது நோயாளிக்குக் கஷ்டத்தை மட்டும் கொடுத்துப் பலனை நிறுத்திவைப்பது.

சிஸ்பிளாட்டினைத் தாங்க முடியாதவர்கள் என்ன செய்வது? வயது 70ஐக் கடந்தவர்களிடம், கதிரோடு கீமோ சேர்ப்பதால் உயிர்வாழ்வில் லாபம் ஏதும் தெரியவில்லை என்பதை 93 ஆய்வுகளின் 17,000க்கு மேற்பட்ட நோயாளிகளைத் தொகுத்த பெரும் பகுப்பாய்வு 2009இலேயே காட்டிவிட்டது. அதில் அறுவை செய்யாதவர்களே அதிகம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் காது கேளாதவர்களுக்கும் நெடுநாள் கைக்கு வந்ததைக் கொடுத்தோம். இதில் உருப்படியான ஒரே விடை மறுபடியும் மும்பையிலிருந்தே வந்தது: சிஸ்பிளாட்டினுக்குத் தகுதியில்லாத 356 பேரிடம், வாரம் சதுர மீட்டருக்கு 15 மில்லிகிராம் டோசிடாக்ஸெல் சேர்த்தபோது 2 ஆண்டு உயிர்வாழ்வு 41.7 சதவீதத்திலிருந்து 50.8 ஆயிற்று. விலை மலிந்த பழைய மருந்து, ஏழை நாட்டின் தேவையிலிருந்து பிறந்த கேள்வி. ‘பொருத்தமானவர்’ என்ற சொல்லுக்குள் அடங்காதவர்களே நம் மருத்துவமனைகளில் அதிகம் என்பதால் இந்த ஆய்வுக்கு நான் பெரிய மதிப்பு வைக்கிறேன்.

இன்னொரு மறுப்பு நவீனத்தின் பெயரால் வருகிறது. 2004இன் கருவிகள் வேறு, இன்றைய கருவிகள் வேறு. இப்போது உமிழ்நீர்ச் சுரப்பியை ஒதுக்கிவிட்டுக் கதிரைச் செலுத்த முடிகிறது, ஆகவே கீமோ சேர்த்தாலும் தாங்கிக்கொள்வார்கள் என்பது வாதம். முதல் பாதி முழு உண்மை. பிரிட்டனில் 94 பேரிடம் நடந்து 2011இல் வெளியான ஆய்வில், ஓராண்டு கழித்தும் கணிசமான வாய் வறட்சியோடு இருந்தவர்கள் 74 சதவீதத்திலிருந்து 38ஆகக் குறைந்தார்கள். ஆனால் வாய் வறட்சி கதிரின் வேலை. சிறுநீரகமும் செவி நரம்பும் மருந்தின் வேலை. கருவி எவ்வளவு நுட்பமானாலும் ரத்தத்தில் ஓடும் பிளாட்டினத்தை வளைத்துவிட முடியாது. நோய் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் மருந்துகள் இந்தக் கணக்கை மாற்றத் தொடங்கியிருக்கின்றன என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அறுவைக்கு முன்னும் பின்னும் பெம்ப்ரோலிசுமாப் கொடுத்த 714 பேரின் ஆய்வு 2025இல் வெளியாகி, 3 ஆண்டு வரை நோய் திரும்பாமலும் முற்றாமலும் இருந்தவர்கள் 46.4 சதவீதத்திலிருந்து 57.6 ஆனதைக் காட்டியது. அமெரிக்கா உடனே அனுமதியும் கொடுத்தது. அங்கும் ஓரமும் உறையும் மீறியவர்களுக்குக் கதிரோடு சிஸ்பிளாட்டினை விட்டுவிடவில்லை, அதன் மேல்தான் புதியது ஏறியது. லட்சங்களில் விலை போகும் அந்த மருந்து அரசு மருத்துவமனை வரிசையில் நிற்பவருக்கு எப்போது எட்டும் என்பது மருத்துவம் மட்டும் பதில் சொல்லக்கூடிய கேள்வி அல்ல.

இத்தனை வாதமும் கடைசியில் ஒரு நுண்ணோக்கியின் கீழ் வந்து நிற்கிறது. வெட்டிய ஓரத்தில் நோய் இருக்கிறது என்று எதைச் சொல்வது என்பதிலேயே அந்த இரண்டு ஆய்வுகளும் ஒத்துப்போகவில்லை: ஐரோப்பியர்கள் 5 மில்லிமீட்டருக்குள் நெருங்கினாலே ஓரம் மீறியதாக எடுத்துக்கொண்டார்கள். ஆகவே ‘ஓரம் நெருக்கம்’ என்று மொட்டையாக எழுதிய அறிக்கை முடிவெடுக்க உதவாது. எத்தனை மில்லிமீட்டர், எந்தப் பக்கம் என்று எழுதியிருக்க வேண்டும். கணுக்கள் எத்தனை எடுத்தார்கள், எத்தனையில் நோய், உறை தாண்டியதா, எவ்வளவு தாண்டியது என்பதும் இருக்க வேண்டும். உங்கள் வீட்டில் ஒருவருக்கு இந்த அறுவை நடந்திருந்தால் அந்த அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதில் இந்த விவரம் இல்லையென்றால் பாதாலஜி மருத்துவரிடம் மறுபடி பார்த்து எழுதித் தரச் சொல்லும்படி உங்கள் மருத்துவரைக் கேளுங்கள். சிலைடும் மெழுகுக் கட்டையும் மருத்துவமனையில்தான் இருக்கும், கேட்பதில் தவறில்லை. ‘கீமோ வேண்டாம்’ என்று சொன்னால் ஏன் வேண்டாம் என்று கேளுங்கள். ‘வேண்டும்’ என்று சொன்னாலும் அதே கேள்வியைக் கேளுங்கள், வாரத்துக்கு எத்தனை மில்லிகிராம், மொத்தம் எவ்வளவு என்பதையும் சேர்த்து. பல்லைக் காட்டிவிடுங்கள். அறுவை வார்டிலிருந்து வீட்டுக்குக் கிளம்பும் முன், கதிர்வீச்சுப் பிரிவுக்கு ஒரு நடை போய், 6 வாரத்துக்குள் வரும் ஒரு தேதியை எழுதி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.